அப்பாவுக்கு என்ன கட்டி?

"உங்க அப்பாவுக்குத் தொண்டையில என்ன கட்டி?" என்று டாக்டர் கேட்டதும், எடை குறைக்கும் ஊசிக்காகச் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்த லிப்ட் மெக்கானிக் திருதிருவென்று விழித்தார்.

"ஏதோ கட்டி டாக்டர். அதுலதான் போனாரு."

"ஏதோன்னா எப்படி? தைராய்டு புற்றுநோய்ல ஒரு வகை இருக்கு. வீட்டுல யாருக்காவது அது இருந்திருந்தா இந்த ஊசியே கூடாது. ஊசியால வர்ற குமட்டல், வாந்தி எல்லாம் சமாளிக்கலாம், சின்ன அளவுல ஆரம்பிக்கலாம். ஆனா இது தெரியாம நான் எழுதித் தர மாட்டேன். கேட்டுட்டு வாங்க. கையை இறக்குங்க, இது வயித்துல போடுற ஊசி."

அம்மாவின் கழுத்து ஆபரேஷனைக் கேட்டிருந்தால் கடகடவென்று ஒப்பித்திருப்பார். அம்மா கடைசிவரை இவர் வீட்டில்தான் இருந்தாள். அப்பா இருந்தது அண்ணன் வீட்டில். அந்த அண்ணனோடுதான் நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

சண்டைக்குக் காரணமும் இந்த உடம்புதான். குடும்பப் போட்டோ எடுக்கும்போது, "ஓரமா போடா, உனக்குப் பின்னாடி மூணு பேர் நிக்கிறாங்க" என்றார் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். ஓரமாகப் போனவர் அப்படியே வாசலைத் தாண்டிப் போய்விட்டார். இத்தனைக்கும் அண்ணன் ஒன்றும் ஒல்லிக்குச்சி இல்லை. இரண்டு பேரும் ஒரே அச்சு.

அண்ணன் கூப்பிடுவார் என்று காத்திருந்தார். இன்னும் காத்திருக்கிறார். லிப்ட் கூரையில் இருக்கும் சின்னத் திறப்பில் வயிறு மாட்டிக்கொண்டு, கீழே நாலு பேர் காலைப் பிடித்து இழுத்த அன்றுகூட, இதை அண்ணனிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பார் என்றுதான் முதலில் நினைத்தார். சொல்ல முடியாததுதான் வலித்தது.

மனைவியிடம் கெஞ்சினார். "அண்ணிக்கு ஒரு போன் போட்டு, பட்டும் படாம கேளு. ஊசி, எடைன்னு மூச்சு விட்டுடாதே. அண்ணன் காதுல விழுந்தா என் மானம் போயிடும்."

மனைவி கேட்டாள். "அக்கா, மாமாவுக்குத் தொண்டையில இருந்தது என்ன கட்டி? இல்லக்கா, சும்மாதான். யாருக்கும் ஒண்ணும் இல்ல. டாக்டர்தான் அவரைக் கேட்டுட்டு வரச் சொன்னாரு..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அண்ணி அழ ஆரம்பித்திருந்தாள்.

"ஐயோ, திரும்பக் கூப்பிட்டு என் பிரெண்டுக்காகக் கேட்டேன்னு சொல்லு!" என்று மனைவியிடம் பதறினார்.

சொன்னாள்.

"பிரெண்டுக்கு எதுக்குடி நம்ம மாமாவோட கட்டி?" என்று அண்ணி இன்னும் பலமாக அழுதாள்.

சாயங்காலத்துக்குள் சொந்தபந்தம் மொத்தமும் விசாரித்துவிட்டது. முதலாளியே கூப்பிட்டு, "நீங்க பேசாதீங்க, தொண்டைக்கு ஆகாது" என்று லீவு கொடுத்தார்.

இனி நாமே பேசிவிடுவதுதான் வழி என்று அண்ணன் நம்பரை அழுத்தினார்.

"ஹலோ" என்றார் அண்ணன்.

அந்த ஒரு ஹலோவுக்காக எத்தனை நாள் ஏங்கியிருக்கிறார்! "அண்ணா" என்று சொல்ல வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. அடக்க அடக்க அதிகமாயிற்று. போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள், ஊசியே வேண்டாம் என்று சொல்லிவிடப் போய், டாக்டர் அறைக்கு வெளியே காத்திருந்தார். படியில் யாரோ புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்க ஏறிவரும் சத்தம். பார்த்தால், அண்ணன்! எந்தக் கதவு என்று யாரையும் கேட்காமல் நேரே வந்து, தம்பியின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார்.

"வாயைத் திற. திறடா! எங்க வலிக்குது?"

"ஒண்ணுமில்லண்ணா. எடை குறைக்கிற ஊசி போட... அப்பாவுக்கு என்னன்னு தெரியணுமாம்."

அண்ணன் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "ஊசிக்காடா? நேத்து இருமிட்டு வச்சியே, பாவி, கண்ணே மூடலடா நான். காலையில உன் வீட்டுக்குப் போன் போட்டு, நீ எங்கேன்னு கேட்டுட்டு ஓடி வர்றேன்." குரல் உடைந்தது. "அப்பாவுக்கு இருந்தது சாதாரணக் கட்டிடா. புற்றுநோயெல்லாம் இல்லை. அவர் போனது இதயத்தால."

"தெரியாதுண்ணா."

"தெரியலன்னா கேக்கணும். கூடப் பிறந்தவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்குறதுக்கு என்னடா அவ்வளவு வீம்பு?"

"தப்புதாண்ணா" என்று தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் திட்டுவது அவ்வளவு சுகமாக இருந்தது.

அறைக்கதவு திறந்தது. வெளியே வந்த நர்ஸ் அண்ணனைப் பார்த்ததும் மலர்ந்தாள்.

"வாங்க சார்! அம்மாவுக்குக் கழுத்துல என்ன ஆபரேஷன்னு தம்பிகிட்ட கேட்டுட்டு வந்தாதான் உங்களுக்கு ஊசின்னு டாக்டர் போன மாசமே சொன்னாரே, கேட்டுட்டீங்களா?"