வாசற்படியில் ஒரு விண்ணப்பம்

ஏழாம் படுக்கைக்காரருக்கு அடிபட்டது காலில். கட்டு தலையில் இருந்தது.

"யார் போட்ட கட்டு இது?" என்றார் தலைமை நர்ஸ்.

"சின்ன டாக்டர்" என்று நோயாளி கட்டிலின் அடியைக் காட்டினார். அங்கே நாலு வயதுப் பெண் ஒருத்தி அடுத்த சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வார்டின் ஒரே ஆண் நர்ஸின் மகள். அவனை எல்லோரும் 'பிரதர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவனுக்கு வேலை ஆறு மணிக்கு முடியும். ஆஸ்பத்திரியின் குழந்தைகள் காப்பகம் நாலு மணிக்கு மூடும். மனைவி பஸ் கண்டக்டர், இரவுதான் வருவாள். நடுவில் உள்ள இரண்டு மணி நேரம் கட்டிலுக்கு அடியில் கழிந்தது.

"பிரதர், இன்னொரு தடவை பாப்பாவ வார்டுல பாத்தேன்னா, உங்கள மலைமேல இருக்கிற கிளைக்கு மாத்திடுவேன். அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவைதான் வீட்டப் பாக்கலாம்."

"என்னை நாலு மணிக்கு விட்டுடுங்க மேடம். காலையில ரெண்டு மணி நேரம் முன்னாடியே வந்துடறேன்."

"அத வேலை நேரம் மாத்தித் தர்ற நெகிழ்வு நேரக் குழுவுக்கு எழுதுங்க. தலைவி நான்தான். ஆனா எங்கிட்ட வாயால சொல்லக் கூடாது."

எழுதினான். மறுநாளே பதில் வந்தது. அவனைக் குழுவில் உறுப்பினராகப் போட்டிருந்தார்கள்.

"நான் கேட்டது இது இல்லையே மேடம்?"

"குழுவுல ஒரு ஆம்பளயாவது இருக்கணும்னு புது விதி. நம்மகிட்ட இருக்கறது நீங்க ஒருத்தர்தானே?"

"அப்ப என் விண்ணப்பம்?"

"உறுப்பினரோடத கடைசியாத்தான் எடுக்கணும். இல்லன்னா பந்திக்கு முந்தறாருன்னு பேசுவாங்க. உங்களுக்கு முன்னாடி ஊழியர்கள் நாப்பத்தொரு பேர் இருக்காங்க."

குழு வாரம் ஒருமுறை கூடியது. நாலு மணிக்கு.

முதல் கூட்டத்தில் ஒரே ஒரு விண்ணப்பத்தைப் படித்தார்கள். பிறகு அதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். பிரதர் கணக்குப் போட்டுப் பார்த்தான். அவன் முறை வரும்போது மகள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள்.

இரண்டாம் கூட்டத்தில் விண்ணப்பக் கட்டு முழுவதையும் தன் பக்கம் இழுத்து, ஒன்றையும் படிக்காமல் நாற்பத்தொன்றிலும் 'சம்மதம்' என்று கையெழுத்துப் போட்டான்.

"பெரிய மனசு பிரதர் உங்களுக்கு" என்று மற்றவர்களும் போட்டார்கள்.

மூன்றாம் கூட்டத்தில் அவனுடையது மட்டும் மிச்சம்.

"சொந்த விண்ணப்பம். நீங்க வெளிய போகணும்" என்றார் தலைமை நர்ஸ்.

போனான்.

"ஐயையோ, உள்ள வாங்க. ஆம்பள இல்லாம கூட்டம் செல்லாது."

வந்தான்.

"ஆனா நீங்க உள்ள இருக்கக் கூடாதே!"

நாலு முறை போய் வந்தபின் தலைமை நர்ஸ் வாசற்படியைக் காட்டினார். "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு அங்கயே நில்லுங்க."

நின்றான். வெளியே இருந்த கால் விண்ணப்பித்தது. உள்ளே இருந்த கால் ஆட்சேபிக்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

திங்கட்கிழமை முதல் எல்லாருக்கும் புது நேரம். நாலு மணி அடித்ததுமே பிரதர் காப்பக வாசலில் நின்றான். கதவில் பூட்டு தொங்கியது. படியில் காப்பக அக்கா, தோளில் கைப்பையும் மடியில் அவன் மகளுமாக உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, இப்பத்தானே நாலு ஆச்சு?"

"உங்க புண்ணியத்துல எனக்கு இன்னிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும்தான் வேலை, நாப்பத்தொண்ணுல என்னோடதுக்குத்தான் நீங்க முதல் கையெழுத்துப் போட்டீங்களாமே தம்பி!"