பதினெட்டுக் குழித் தாயத்து

"ஷிப்ராம், இடுப்புல என்ன அது?" என்று கேட்டார் சாட்டர்ஜி.

சிவராமகிருஷ்ணன் என்ற பெயரை இந்த இருபது வருஷத்தில் கொல்கத்தாவில் யாரும் முழுசாகச் சொன்னதில்லை. பாதியில் மூச்சு வாங்கி ஷிப்ராம் ஆக்கிவிட்டார்கள். இப்போது கேட்டவர் கம்பெனியின் மேனேஜிங் டைரக்டர். இடம், டாலிகஞ்ச் பக்கம் ஒரு கோல்ஃப் மைதானம். ஞாயிறு காலை ஏழு மணி. இருவரும் பேசுவது ஆங்கிலம், நாம் தமிழில் கேட்போம்.

இடுப்பில் இருந்தது தீப்பெட்டி அளவுக் கறுப்பு டப்பா. பெங்களூரிலிருந்து மகன் வருண் அனுப்பியது. பதினாலு மட்டைகளின் கைப்பிடி நுனியிலும் சிவப்புப் பொத்தான் ஒன்றைத் திருகி மாட்ட வேண்டும். ஒவ்வொரு அடிக்கு முன்னும் பொத்தானை டப்பாவில் ஒரு தட்டு. எந்த மட்டை, எந்த இடம், மொத்தம் எத்தனை அடி என்று டப்பா குறித்துக்கொண்டு, போன் பக்கத்தில் வந்ததும் அதற்கு அனுப்பிவிடும்.

கோல்ஃபில் பதினெட்டுக் குழியிலும் பந்தை விழவைக்க எடுக்கும் அடி குறையக் குறையத்தான் பெருமை. சாட்டர்ஜி வாராவாரம் எண்பத்துச் சொச்சம் என்று தானே எழுதிக்கொள்வார். "மனசாட்சிதான் ஸ்கோர் கார்டு" என்பது அவர் கொள்கை. போன வருஷத்திலிருந்து அவருக்கு மைதானத்தில் மெஷின் என்றாலே ஆகாது.

அவரைப் பகைத்துக்கொள்ளும் நேரமா இது? சிலிகுரி கிளைக்கு ஒரு துணை மேலாளர் போக வேண்டும். சிவராமகிருஷ்ணனா, அடுத்த மேஜை நரேனா என்று முடிவாகவில்லை. மகள் மதுவந்திக்கு இந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. "சிலிகுரின்னா நீங்க மட்டும் போங்கோ" என்று மனைவி விஜயலக்ஷ்மி சொல்லியாயிற்று. சிவராமகிருஷ்ணனுக்கு வெந்நீர் தவிர வேறு சமையல் தெரியாது.

சாட்டர்ஜியின் விரல்களில் பவளமும் கோமேதகமுமாக நாலு மோதிரங்கள் மின்னின. அதைப் பார்த்ததும் வாயில் வந்தது பொய்.

"தாயத்து, சார்."

"மாதுலியா?" வங்காளத்தில் தாயத்துக்கு அதுதான் பெயர்.

"எங்க ஊர்ப் பிள்ளையார் கோயில்ல கொடுத்தது. அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தட்டு தட்டணும்."

"தட்டு, பார்க்கலாம்."

தட்டினார், அடித்தார். வாழ்க்கையில் முதல்முறையாகப் பந்து நேராகப் போய்த் தொலைத்தது.

சாட்டர்ஜி டப்பாவையும் பந்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "இன்னைக்கு எனக்குக் கட்டு. அந்தச் சிவப்புப் பொத்தானையும் என் மட்டையில மாட்டச் சொல்லு."

மட்டைப் பை தூக்கும் தினேஷ்குமார், இருபது வருஷமாக அந்த மைதானத்தில் இருப்பவர், பதினாலு பொத்தான்களையும் மளமளவென்று இடம் மாற்றினார். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவருக்கு மட்டும் ஏனோ இருமல் வந்தது.

ஆட்டம் முடிந்தது. சாட்டர்ஜி எண்பத்துநாலு என்று எழுதிக்கொண்டு டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். "ராத்திரி முழுக்கப் பூஜையில வை. அடுத்த ஞாயிறு கொண்டு வா."

பாலிகஞ்ச் வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே, காலையில் விட்டுவிட்டுப் போன போன் கிணுகிணுத்தது. ஆபீஸ் வாட்ஸப் குழுவில், தேதி, மைதானத்தின் வரைபடம் சகிதம் ஒரு செய்தி: 'சிவராமகிருஷ்ணன், 131 அடி.' ஏழாம் குழியில் மட்டும் மூன்று பந்து குளத்தில். அப்பாவின் பெருமை ஊருக்குத் தெரியட்டும் என்று வருண் அப்படி அமைத்து வைத்திருந்தான்.

"ஏன்னா, நூத்திமுப்பத்தொண்ணா?" என்றாள் விஜயலக்ஷ்மி.

"அது நான் அடிச்சது இல்லை. எம்.டி. அடிச்சது."

"அப்ப குரூப்ல சொல்லிடுங்கோ."

"சொன்னா சிலிகுரி."

"கூட யாருமே பார்க்கலையா?"

"கேடி பார்த்துண்டுதான் இருந்தார்."

"கேடியா?"

"கேடின்னா மட்டை தூக்கறவர், விஜி."

"கேடியோட சகவாசம் வெச்சுண்டா இப்படித்தான் ஆகும்" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

திங்களன்று நரேன் லிஃப்டிலேயே பிடித்துக்கொண்டான். "சார், ஏழாம் குழியில மீன் ஏதாவது கிடைச்சுதா?"

சிவராமகிருஷ்ணனுக்கு வயிறு எரிந்தது. அவர் சொந்தமாக எவ்வளவு மோசமாக ஆடினாலும் நூற்றுப்பதினெட்டைத் தாண்டியதில்லை. அடுத்தவர் அசட்டுத்தனத்துக்கு இவர் தலை குனிய வேண்டியிருந்தது.

பத்து மணிக்கு சாட்டர்ஜி கூப்பிட்டனுப்பினார். போனை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு விரலால் வரைபடத்தைப் பெரிதாக்கினார்.

"ஏழாம் குழிக்கு எந்த மட்டை?"

"அஞ்சாம் நம்பர்னு போட்டிருக்கு, சார்."

"அதான் குளம் தாண்டலை. நாலாம் நம்பர் எடுத்திருக்கணும். எல்லாப் பந்தும் இடப்பக்கமே போகுது பாரு. நீ தோளைத் தூக்கறே, ஷிப்ராம்."

கேலி செய்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டார் ஷிப்ராம்.

அடுத்த வாரம் 127. வருணைக் கூப்பிட்டு, "டேய், அந்த தானா அனுப்பற எழவை நிறுத்து" என்றார். மூன்றாம் வாரம் குழுவில் ஒன்றும் வரவில்லை. திங்களன்று சாட்டர்ஜியின் முகம் தொங்கிப் போயிருந்தது.

"ஏன் இந்த வாரம் வரலை? தோல்வியை மறைக்கிறவனை நான் நம்பறதில்லை, ஷிப்ராம். சிலிகுரி ஃபைல் என் மேஜைலதான் இருக்கு."

மறுபடியும் வருண். மறுபடியும் குழுவில் வரைபடம். இந்தத் தடவை விட்டுப்போன வாரத்தையும் சேர்த்தே அனுப்பியது டப்பா.

அதற்கடுத்த ஞாயிறு வேறு வழி தேடினார். "சார், தாயத்துல சக்தி குறைஞ்சு போச்சு. ஊருக்கு அனுப்பித்தான் வாங்கணும்."

"டப்பாவுல பச்சை விளக்கு எரியுதே" என்றார் சாட்டர்ஜி. பிறகு, "அருள்தான்" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு இடுப்பில் மாட்டிக்கொண்டார்.

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. 124, 122, 119. ஆபீஸில் அவர் பெயர் 'நூற்றுமுப்பத்தொன்று' என்றே ஆகிவிட்டது. கரியாஹாட்டில் புடவை பார்க்கப் போன விஜயலக்ஷ்மியிடம் நரேனின் மனைவி, "உங்க வீட்டுக்காரர் இப்ப கொஞ்சம் தேறிட்டாராமே" என்று விசாரித்தாள். அன்று வீட்டில் ரசம் மட்டும்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது. சிலிகுரிக்கு நரேன்.

"நரேன் நல்லா விளையாடறான்" என்றார் சாட்டர்ஜி. "ஆனா எனக்கு ஞாயித்துக்கிழமை நீதான் வேணும், ஷிப்ராம். அந்தத் தாயத்தை மட்டும் மறந்துடாதே."

சிவராமகிருஷ்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நல்ல மனிதரைப் போய் ஏமாற்றிவிட்டோமே என்றிருந்தது. வீட்டில் விஜயலக்ஷ்மி பாயசம் வைத்தாள். "பொய்யானாலும் பிள்ளையார் பேரைச் சொன்னேளே, அவரே பார்த்துண்டார்" என்றாள்.

ஞாயிறன்று ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு வாங்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். சாட்டர்ஜி இன்னும் வரவில்லை. பெட்டியை தினேஷ்குமாரிடம் நீட்டி, மனத்தில் இருந்ததை இறக்கி வைத்தார்.

"தினேஷ் பாய், இது தாயத்து இல்லை. அடி எண்ணற மெஷின். அந்தப் பெரிய மனுஷர் அப்படியே நம்பிட்டார். நினைச்சா பாவமா இருக்கு."

தினேஷ்குமார் சந்தேஷை நிதானமாக மென்று விழுங்கினார்.

"சாட்டர்ஜி சாப்கிட்டயும் இதே டப்பா ஒண்ணு இருந்துச்சு சார். போன வருஷம் அவர் பேருக்கு நூத்திநாப்பதுன்னு காட்டினதும், ஏழாம் குழிக் குளத்துல அவரே தூக்கிப் போட்டுட்டார்."