எஸ்ராவின் பாஸ்போர்ட்டில் யூடோரா

"இது யாரு மூஞ்சிய்யா?" பாஸ்போர்ட்டை ரொட்டி மாவின் மேலேயே வீசினாள் மில்லிசென்ட். "உன் பக்கத்துல ஒட்டி உக்காந்திருக்காளே, யாரு?"

"யூடோரா," என்றான் எஸ்ரா, அதிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டே. "தொப்பிதான் பாதி முகத்த மறைக்குதே. யாருக்குத் தெரியப் போகுது?"

"மீன்காரியத் தெரியாதவங்க பார்படோஸ்ல இருக்காங்களா? அவ கூவுற கூவுல கடலே திரும்பிப் பாக்குது."

பிரிட்ஜ்டவுனில் எங்கள் சந்து முழுக்கக் கேட்டது. நான் ஜன்னலைச் சாத்தவில்லை, வெக்கை.

அந்தக் காலத்தில் நியூயார்க் போகப் புருஷன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரே பாஸ்போர்ட், ஒரே படம். மில்லிசென்ட் மனைவி என்றால், பாதிரியார் முன் நிற்காத மனைவி. எங்கள் சந்தில் பாதிப் பேர் அப்படித்தான். நல்ல சூட் வாங்கட்டும், ரொட்டிக்கடை அடுப்பை மாற்றட்டும், அமெரிக்கா போய்க் கட்டிக்கலாம் என்று எஸ்ரா வருஷக்கணக்காகச் சாக்குச் சொல்லிவந்தான்.

படம் எடுக்கும் நாளில், ஆர்டர் கொடுத்த தொப்பி வரவில்லை, வெறுந்தலையோடு உட்கார மாட்டேன் என்று மில்லிசென்ட் படுத்துவிட்டாள். எங்கள் ஊரில் எவளும் உட்கார மாட்டாள்தான். ஆனால் மனு கொடுக்க அன்றே கடைசி. ஸ்டுடியோ வாசலில் மீன் விற்ற யூடோராவை ஓலைத் தொப்பியோடு பிடித்து உட்கார வைத்துவிட்டான் எஸ்ரா. படமெடுத்த லயனல் வாயே திறக்கவில்லை.

கப்பலேறும் நாளில் யூடோராவின் அந்தத் தொப்பியை இரவல் வாங்கி மில்லிசென்ட்டுக்கு மாட்டினார்கள். மூக்கு வரை இறங்கியது. குச்சி உடம்பை யூடோரா அளவுக்கு நிரப்பச் சட்டைக்குள் தலையணை திணித்தார்கள். துறைமுகத்தில் அது நழுவி வயிற்றுக்கு வர, பிள்ளைத்தாச்சிக்கு டாக்டர் சீட்டு எங்கே என்றார் அதிகாரி. பதறிய எஸ்ரா, நடந்ததைச் சொல்ல யூடோராவையே இழுத்து வந்தான்.

அதிகாரி படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீங்க புருஷனோட ஏறுங்கம்மா. அந்தப் பிள்ளைத்தாச்சி யாரு? தள்ளி நிக்கச் சொல்லுங்க."

கப்பல் ஊதியது. அடுப்பை விற்றுவிட்ட எஸ்ரா எங்கே திரும்புவான்? அவனும் ஏறினான். யூடோரா மீன்கூடையை வழியனுப்ப வந்த என்னிடம் கொடுத்து, "ஊரப் பாத்துட்டு வந்துடறேன்" என்று ஏறிவிட்டாள். மில்லிசென்ட் அழுத அழுகையில் நாங்களும் அழுதோம். லயனல்தான் கைக்குட்டை நீட்டினான்.

யூடோரா திரும்பவில்லை. கிறிஸ்துமஸுக்குள் புரூக்ளினில் எஸ்ரா அவளைக் கட்டிக்கொண்டான்; அவளிடம் சாக்கு செல்லுபடியாகாது. ஈஸ்டர் முடிந்ததும் மில்லிசென்ட் லயனலைக் கட்டினாள். கோயிலில் அவள் தலையில், அன்று வராத அந்தப் புதுத் தொப்பி. பக்கத்திலிருந்த, தொப்பி தைக்கும் பில்கிரிம் அம்மாளிடம், ஒருவழியாக எப்போதுதான் தைத்துக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒருவழியாவா? படம் எடுக்கறதுக்கு முந்தின வாரமே லயனல் வந்து வாங்கிட்டுப் போயிட்டானே."