எறும்பு வராத அலமாரி

மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பும்தான். கல்லூரியில் முதல் மெய்யைப் பற்றிப் பாடம் நடத்துகிறவன் நான். ரத்தப் பரிசோதனை லேப்பில் இரண்டாவது மெய்யை ஊசியால் குத்துகிறவள் என் மனைவி. போன மாதம் என் விரலைக் குத்தினாள்.

"வெறும் வயித்துல நூத்தி அறுபது! இன்னையிலிருந்து காப்பிக்கு சர்க்கரை கிடையாது."

ஐயோ! சர்க்கரை இல்லாத காப்பியைக் குடிப்பதற்கு, குடிக்காமலே இருந்துவிடலாம். தத்துவத்தை உருவினேன்.

"மெஷின் ஒரு எண்ணைக் காட்டுது, அவ்வளவுதான். ரத்தத்துக்குள்ள சர்க்கரையை யார் கண்ணால பாத்தா?"

"பாக்கலைன்னா இல்லைன்னு ஆயிடுமா?"

"எண்ணு வேலைக்கு உதவும்மா. அதுக்காக அதை நிஜம்னு நம்பணுமா? கருவி சொல்றதெல்லாம் உண்மை ஆகாது."

"அப்ப எதுதான் உண்மை?"

"அதுல மூணு கட்சி. உள்ளதோட ஒத்துப்போனா உண்மைங்கறான் ஒருத்தன். நாம ஏற்கெனவே நம்பறதோட முட்டிக்காம இருந்தா உண்மைங்கறான் இன்னொருத்தன். பலன் தந்தா உண்மைங்கறான் மூணாவது ஆள்."

"நீங்க எந்தக் கட்சி?"

"காப்பி நேரத்துல மூணாவது."

"நான் லேப் கட்சி," என்று கசக்கும் டம்ளரை நீட்டினாள்.

அன்றே ஒரு டப்பா சர்க்கரை வாங்கி, அலமாரியில் உண்மையைப் பற்றிய தடித்தடிப் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்தேன். அந்தப் பக்கம் வீட்டில் யாரும் போவதில்லை. நானே போவதில்லை. காலையும் மாலையும் டம்ளரோடு 'படிக்க'ப் போனேன். முதல் மூன்று நாள் எறும்புகள் சாரைசாரையாக வந்தன; ஊதி ஊதி விரட்டினேன். நாலாம் நாள் ஒன்றுகூட வரவில்லை. மூடியை இறுக்கிய என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மாதம் முடிந்தது. மறுபடி குத்தினாள்.

"நூத்தி எட்டு. பரவாயில்லையே!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வாத்தியார் வாய் மூடுமா?

"ஜெயிச்சிட்டேன்! மாசம் பூரா ரெண்டு வேளையும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுத்தான் குடிச்சேன். அப்படியும் எண்ணு இறங்கியிருக்கு! இனிமே நீயே போட்டுக் கொடு!"

"புத்தகத்துக்குப் பின்னாடி இருக்கே, அந்த டப்பாவா?"

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"எறும்பு காட்டிக்கொடுத்துச்சு. அன்னைக்கே சர்க்கரையைக் கொட்டிட்டு, சர்க்கரை வியாதிக்காரங்களுக்குன்னு விக்கிற தூளைப் போட்டு வச்சேன். எறும்பு அதோட வர்றதை நிறுத்திடுச்சு. நீங்கதான் நிறுத்தலை."

"இனிச்சுதேம்மா!"

"நாக்கும் கருவிதானே? கருவி சொல்றதெல்லாம் உண்மை ஆகாதுன்னீங்க."

கடைசியாக இன்னொரு வாதத்தை வீசிப் பார்த்தேன். "என்ன இருந்தாலும் அது நிஜ சர்க்கரை இல்லையே?"

"பலன் தந்துச்சுல்ல? உங்க கட்சிப்படி அதுதான் நிஜ சர்க்கரை. இதுலயும் அதைத்தான் போட்டிருக்கேன். காப்பி ஆறிடப் போகுது, குடிங்க."

குடித்தேன். ஒரு மாதமாக இனித்த அதே தூள், அன்றிலிருந்து இனிக்கவே மாட்டேன் என்கிறது.