இரண்டு வளையம் போட்ட பில்டர்

பயந்தவன் கையில் நல்ல சாமானைக் கொடுக்கக் கூடாது. கெட்ட சாமான் என்றால் எப்படியாவது சமாளித்துவிடுவான். நல்லதைத்தான், நல்லதுதானா, நல்லதுதானா என்று பார்த்தே பாழாக்குவான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எனக்குத் தெரிந்த ஒரே தத்துவம் இதுதான்.

இப்போது நான் வேலை செய்கிற இந்த வளைகுடா நாட்டில், கார் திருத்துகிற கராச்சில், ஒயில் பில்டர் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது. யாரும் சோதிப்பதில்லை. எடுப்பார்கள், பூட்டுவார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொன்றையும் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்காவிட்டால் மனம் ஆறாது. (நான் வானொலி கேட்கிறேன் என்று கூட இருக்கிறவர்கள் சிரிப்பார்கள்.) எனக்கு அதில் கேட்பது திருகோணமலை.

நான் அங்கே வேலை செய்த காலத்தில் வெளிநாட்டுச் சாமான் இலேசில் கிடைக்காது. துறைமுகத்துக்கு எத்தனை கப்பல் வந்தாலும் எங்கள் கராச்சுக்கு ஒரு பில்டர் வராது. பழையதை மண்ணெண்ணெயில் கழுவி, பெயின்ற் அடித்து, புதிது என்று விற்கிற கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். ஆகவே பூட்டுமுன் சோதிப்பது தொழிலில் பாதி. முதலாளி ரசாக் நானா, கிண்ணியாக்காரர், கண்மூடித் திறப்பதற்குள் சோதித்துவிடுவார். பில்டரின் வாயில் இருக்கிற றப்பர் வளையத்தில் நகத்தை ஊன்றுவார். தழும்பு மறைந்தால் புது றப்பர். மரைக்குள் விரலை விட்டுச் சுற்றுவார். துவாரத்தால் உள்ளே மடித்திருக்கிற தாளை எட்டிப் பார்த்துவிட்டு, “பூட்டு” என்பார். நானோ எல்லாம் பார்த்து முடித்து, மோந்தும் பார்ப்பேன்.

“பில்டர் பூட்டச் சொன்னா பொம்பிளையெல்லோ பாக்கிறாய்!” என்பார் நானா.

பொம்பிளையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சின்னராசா ஐயா என்றொருவர் யப்பான் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டினார். அவருடைய மகள் யோகம். தையல் வகுப்புக்குப் போகிற வழியில் பின்சீற்றில் இருப்பாள். காருக்கு முன்னால் பொனற்றைத் திறந்துகொண்டு நின்ற எனக்கு, பொனற்றுக்கும் கண்ணாடிக்கும் இடையில் இருந்த நீக்கலால் அவளுடைய நெற்றியும் ஒரு கண்ணும் தெரியும். அந்த ஒரு கண்ணுக்காக, தேவையில்லாத ஆணிகளை எல்லாம் இறுக்கியிருக்கிறேன்.

ஐயாவுக்கு விஷயம் தெரியவந்தது. ஏசவில்லை. “கை நல்ல கை. மனந்தான் கொஞ்சம் ஆடுது” என்றார். ஆனால் கந்தளாயில் வயல் செய்கிற அவருடைய தமையன் சொல்லாமல் அந்த வீட்டில் எதுவும் நடக்காது. “அண்ணையிட்டப் போய்க் கதைப்பம். எங்கட காரிலயே போவம். நீயே சேர்விஸ் பண்ணு, தம்பி.”

நானா எங்கெல்லாமோ அலைந்து இரண்டு பில்டர் கொண்டுவந்தார். ஒன்று இப்போதைக்கு, மற்றது அடுத்த முறைக்கு. இரண்டையும் நகத்தால் ஊன்றினேன், குலுக்கினேன், மோந்தேன். இரண்டும் நல்லவை. அதுதான் எனக்குப் பெரிய சந்தேகத்தைத் தந்தது. எந்த மோசடிக்காரன் இவ்வளவு ஒழுங்காகச் செய்வான்? யோகம் இருக்கப்போகிற கார் அல்லவா? இரும்பு வாளை எடுத்து ஒன்றை அறுத்தேன்.

உள்ளே, சலவைக்குப் போய்வந்த வேட்டிக் கொசுவம் மாதிரி மஞ்சள் தாள். ஒரு பிசிறு இல்லை. அதைப்போல ஒரு பில்டரை நான் அதற்குமுன் கண்டதில்லை. ஆனால் அது இனிப் பில்டர் இல்லை, பிளந்த தகரப் பேணி.

“வத்தகப்பழமாடா இது, வெட்டிப் பாத்து எடுக்க?” என்று நானா தலையில் கைவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவர் போனதும் எனக்கு அடுத்த பயம். நல்லதை வெட்டிவிட்டேன், மிஞ்சியது மட்டமானதாக இருந்தால்? வெட்டியதன் றப்பர் வளையம் அருமையாக இருந்தது. அதையும் எடுத்து, மற்றப் பில்டரின் வளையத்துக்கு மேல் வைத்து, இரட்டைக் காவலாகப் பூட்டினேன்.

வெள்ளைச் சேட்டோடு முன்சீற்றில் இருந்தேன். பின்னால் யோகமும் தாயும். தம்பலகாமம் தாண்டியதும், ஒயில் இல்லையென்று காட்டுகிற சிவப்பு லைற் பற்றியது. ஐயா உடனே எஞ்சினை நிறுத்தினார். இறங்கித் திரும்பிப் பார்த்தால், வந்த வழியெல்லாம் கறுப்புக் கோடு. ஐயா குனிந்து பார்த்தார். ஒரு வளையம் நசுங்கி, நாக்கை நீட்டிக்கொண்டு வெளியே தொங்கியது.

“இதென்ன தம்பி, ரெண்டு கிடக்கு?”

“ஒண்டு காணாதெண்டு நினைச்சனான், ஐயா.”

“மற்றது எங்காலை?”

“மற்றப் பில்டரிலை இருந்தது. அதை வெட்டிப் பாத்தனான்.”

 பின்சீற்றிலிருந்து ஒரு குரல் வந்தது. “உள்ளுக்கு எப்பிடி இருந்தது?”

“நல்லா இருந்தது.”

“அப்ப என்னையும் வெட்டிப் பாத்துத்தான் கட்டுவியளோ?”

அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. தாய் கிள்ளியது எனக்குக் கேட்டது.

வயலால் வந்த உழவு மெசின் ஒன்று எங்களைக் கயிறு கட்டி இழுத்தது. நல்ல நேரம் தம்பலகாமத்திலேயே முடிந்துவிட்டது. கந்தளாய்க்குள் சரியாக இராகுகாலத்தில் நுழைந்தோம். காருக்குக் கீழே புகுந்து எழும்பிய என் சேட்டில் வெள்ளை கொஞ்சம் மிச்சம் இருந்தது. வாசலில் நின்ற யோகத்தின் பெரியப்பா, “மாப்பிளையைக் கட்டி இழுத்தெல்லோ கொண்டு வாறியள்!” என்றார்.

“இது சரிவராது, அண்ணை. பயந்தாங்கொள்ளி” என்றார் ஐயா.

நான் கதிரையில் ஒயில் பிரண்டுவிடுமென்று நின்றுகொண்டே இருந்தேன். யோகம் தேத்தண்ணித் தட்டோடு வந்தாள்.

“அப்பா, பில்டரிலை பிழையோ?”

“இல்லை. நல்ல பில்டர்.”

“எஞ்சின்?”

“உடனே நிப்பாட்டினதாலை தப்பீட்டுது.”

“அப்ப ஒரு வளையம்தானே கூட. கழட்டினாச் சரி.”

பெரியப்பா சிரித்த சிரிப்பில், கையிலிருந்த தேத்தண்ணி உடுத்திருந்த சாரத்தில் கொட்டியது. “ஆர் கழட்டுறது? நீயோ?”

“ஓம்” என்றாள்.

அன்றிலிருந்து, கல்யாணம் முடிந்த பிறகும், கழற்றிக்கொண்டுதான் இருந்தாள். பிள்ளை இருமினால், கடல் இரைந்தால், நான் எழும்பி உட்கார்ந்தால், “ரெண்டாவது வளையத்தைக் கழட்டுங்கோ” என்பாள். நான் சந்தையில் மாம்பழத்தை மோந்தால், கடைக்காரனுக்கே கேட்கும்படி, “வாளைக் குடுங்கோ, இவர் அறுத்துப் பாக்கட்டும்” என்பாள். இங்கே அப்படிச் சொல்ல ஆளில்லை. வளையத்துக்கு மேல் வளையமாக ஏறிக்கொண்டே போகிறது.

போன கிழமை ஊரால் வந்த ஒருவர் கசெற் ஒன்று கொண்டுவந்து தந்தார். கேட்டால், முதலில் காகம், பிறகு எங்கள் குசினிக் கதவு. மூத்தவன் பில்டர் கதையைத் தொடக்கத்திலிருந்து பிழைபிழையாகச் சொன்னான். (அவன் கதையில் உழவு மெசினுக்குப் பதிலாக யானை இழுக்கிறது.) பிறகு யோகம். காய்ச்சல் மாறினதா, கூரை ஒழுகுகிறதா, சாப்பிடுகிறாயா என்று நான் பக்கம் பக்கமாக எழுதிக் கேட்டதற்கெல்லாம் ஒரே பதில்:

“எல்லாரும் நல்லாத்தான் இருக்கிறம். வெட்டிப் பாத்தாத்தான் நம்புவியளோ?”

சிரித்தாள். சிரிப்பு முடிந்த பிறகும் கசெற் கொஞ்ச நேரம் ஓடியது. அவள் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு “டக்” என்று நின்றது.

கசெற்றை வெளியே எடுத்தேன். காதருகே வைத்து மெல்லக் குலுக்கிப் பார்த்தேன்.