சிக்னல் வயர் மேல் ஒரு சரவெடி

எங்கள் பக்கத்தில் எந்தக் காரியமும் வெடிச் சத்தம் இல்லாமல் தொடங்கவும் செய்யாது, முடியவும் செய்யாது. பிள்ளை பிறந்தால் வெடி, கேஸ் ஜெயித்தால் வெடி, ஆள் செத்தால் அதற்கும் வெடி. என் கான்ட்ராக்டர் வாழ்க்கை தொடங்கியதும் முடிந்ததும் ஒரே சரவெடியில் என்பதால் இதை நான் கொஞ்சம் அதிகாரத்தோடு சொல்லலாம்.

அப்பா நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார். மருந்து கலக்கும் அறையில் சித்தப்பா கருகிப் போனபிறகு, தீபாவளிக்குக்கூட அவர் கையால் ஒரு வெடி கொளுத்தி நான் பார்த்ததில்லை. ஊருக்கெல்லாம் வெடி செய்து அனுப்புவார்; வீட்டில் மத்தாப்புக்கே எழுந்து உள்ளே போய்விடுவார். நான் மருந்து வாடையே படாத வேலைக்குப் போகவேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை. எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்து, சில வருஷம் வீட்டு வயரிங் பார்த்து, கடைசியில் என் பெயரிலேயே ஒரு கான்ட்ராக்ட் கிடைத்தது. (வேறு யாரும் கேட்காததால் கிடைத்தது என்பதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை.)

விருதுநகரில் சூலக்கரைப் பக்கம் ஒரு சிக்னல். ரோட்டைச் சதுரமாகக் கீறி, அந்தக் கீறலுக்குள் வயரைச் சுற்றிப் புதைக்கவேண்டும். மேலே வண்டி வந்து நின்றால் சிக்னல் அதை உணர்ந்து பச்சை போடும். இது சரியாக அமைந்தால் மாவட்டத்தின் மற்ற சிக்னல்களும் எனக்கே. இல்லாவிட்டால் பழையபடி வீடு வீடாக ஃபேன் மாட்டப் போகவேண்டியதுதான்.

ஒப்பந்தத்தில் இருந்த நிபந்தனைகள் மாப்பிள்ளை வீட்டார் போடுவதைவிட அதிகம். கீறலில் ஈரமோ தூசியோ இருக்கக் கூடாது. வயருக்கு நடுவில் ஒட்டு கூடாது. மூலைகளைச் சாய்வாக வெட்டவேண்டும், இல்லையென்றால் வயர் அறுபடும். மேலே ஊற்றும் பசை இறுகும்வரை ஒரு சைக்கிள்கூட ஏறக் கூடாது. பிறகு பொறியாளர் முன்னால் மீட்டர் வைத்துக் காட்டவேண்டும். பழுதானால் ஒட்டுப்போட்டுச் சமாளிக்க முடியாது. பழைய கீறலை அப்படியே கைவிட்டு, தள்ளிப் புதிதாகக் கீறவேண்டும், என் செலவில்.

எல்லாவற்றையும் ஒழுங்காகவே செய்தேன். பசை ஊற்றி, நாலு பக்கமும் தடுப்பு வைத்துவிட்டு, பசை இறுகி முடியும் நேரத்துக்கு வந்து பார்த்துப் பூரிக்கட்டும் என்று அப்பாவை வரச்சொன்னேன். கையில் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். பையில் என்ன என்று கேட்கிற அளவுக்கு எனக்கு மூளை இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

"இங்கனயே நில்லுங்கப்பா. ஒரு ஆளையும் உள்ள விட்டுராதீக" என்று காவலுக்கு வைத்துவிட்டு, பக்கத்து அலுவலகத்துக்குப் பொறியாளர் மேடத்தை அழைக்கப் போனேன்.

அவர் கிளம்பும் நேரத்தில் சடசடவென்று வெடிச் சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை. என்ன இது என்றார் மேடம். "எவனாவது நல்ல காரியம் பண்ணியிருப்பான் மேடம்" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

போய்ப் பார்த்தால் ஒரே புகை. தடுப்புக்குள்ளே, என் சதுரம் முழுக்கச் சிவப்புக் காகிதம். பசை பெயர்ந்து, இரண்டு இடத்தில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வயர் கருகி வெளியே தெரிந்தது. அப்பா ஊதுபத்தியோடு நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"ஏலே, ஆளு இல்ல, வண்டி இல்ல, தடுப்பு வேற வச்சிருக்க. இதவிடத் தோதான எடம் இந்த ரோட்டுல எங்கன இருக்கு?" என்றார்.

பட்டாசுக் கம்பெனி கற்றுக்கொடுத்த பாதுகாப்பு விதிகளின்படி அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சித்தப்பாவுக்குப் பிறகு முதல்முதலாக, எனக்காக, அவர் வெடி கொளுத்தியிருக்கிறார். அதுவும் பாதுகாப்பாக. மேடம் குனிந்து மீட்டரை வைத்தார். ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"கெட்டுப்போச்சாலே?" என்று மெதுவாகக் கேட்டார். நான் குனிந்து சிவப்புக் காகிதத்தைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"எல்லாத்தையும் எழுதியிருந்தோம். வெடி போடக் கூடாதுன்னு எழுதத் தோணல" என்றார் மேடம்.

தள்ளிப் புதிதாகக் கீறிக் கொடுத்தேன். மற்ற சிக்னல்கள் வேறு ஊர்க்காரருக்குப் போயின. நான் ஃபேன் மாட்டப் போனேன். இப்போது அந்த ஒப்பந்தத்தில், பணியிடத்தில் பட்டாசு வெடிக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கிறதாம். எங்கள் குடும்பம் அரசாங்கத்துக்குச் செய்த ஒரே பங்களிப்பு அது. கருகிய சதுரம் இன்றும் ரோட்டில் கிடக்கிறது. பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

அவரைத் தேற்றத்தான் அம்மா அதை வேடிக்கையாக மாற்றினாள். எங்கள் வீட்டு விசேஷத்தில் யார் வெடி வைத்தாலும், "கீழ வயரு போகுதான்னு பாத்துக்கோங்க" என்பாள். எல்லாரும் சிரிப்போம். அப்பா சிரிக்க ஆரம்பிக்க இரண்டு மூன்று விசேஷம் ஆனது.

போன மழைக்காலத்தில் அப்பா போய்விட்டார். தூக்குகிற நேரத்தில் அக்கா வீட்டுக்காரர் தெருவில் சரவெடியை விரித்தார். அந்த வார்த்தையை யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அம்மா தலைமாட்டில் அழுதுகொண்டிருந்தாள். கூட்டம் முழுக்க என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

"மச்சான், கீழ வயரு போகுதான்னு பாத்துக்கோங்க" என்றேன்.

முதலில் சிரிப்பு வந்தது அம்மாவுக்குத்தான்.