எட்டாவது பெயர்

"வியாழன், மாலை ஆறு பத்து. எட்டாவது பெயர் சேர்த்தாயிற்று. பட்டியல் பூர்த்தி. மழை இல்லை."

ஜூன் மாதத்துக் குறிப்பேட்டில் என் கையெழுத்தில் இருக்கும் வரி இது. கரப்பந்துக் கழகம் ஒன்றின் செயலாளர் எழுதக்கூடிய மிகச் சாதாரணமான வரி. ஆனால் அடுத்த பத்து நாளும் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பல் வேறு எதைப் பற்றியும் கதைக்காமல் போனதற்கு இதுதான் காரணம். அதைச் சொல்வதற்கு முன் ஜுஸ்தி அண்ணையைச் சொல்லவேண்டும்.

உலகத்தில் எதையும் நம்பாதவர்கள் பலர் உண்டு. ஆனால் முருகனே மயிலோடு வந்து எதிரில் நின்றாலும், மயிலுக்குத் தடுப்பூசி போட்ட கடதாசி இருக்கிறதா என்று கேட்கக்கூடியவர், நான் அறிந்தவரையில், அவர் ஒருவர்தான்.

இந்த நாட்டில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் 'ஜுஸ்திபிக்கத்தீவ்' கேட்பார்கள். ஆதாரப் பத்திரம். இருக்கிற வீட்டுக்கு மின்சாரப் பட்டியல், செய்கிற வேலைக்குச் சம்பளத் துண்டு, பிறந்ததற்குக்கூட ஒரு கடதாசி. நாங்கள் எல்லோரும் அந்தச் சொல்லை அலுவலக வாசலிலேயே விட்டுவிட்டு வந்துவிடுவோம். அண்ணை அதை வீட்டுக்குக் கூட்டிவந்து வளர்த்தார். அதனால்தான் அந்தப் பெயர்.

காலையிலிருந்து மூன்று மணிவரை ஓர் உணவகத்தில் சட்டி பானை கழுவுவார். நான்கு மணிக்குக் குணத்தின் சலூனில் இருப்பார். ஒருநாள் அங்கே ஒருவர் தனக்குக் கலியாணம் முற்றாகிவிட்டது என்று லட்டுக் கொடுத்தார். எல்லோரும் வாயில் போட்டுக்கொண்டோம். அண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்:

"பொம்பிளை ஓம் எண்டு சொன்னதுக்கு ஜுஸ்திபிக்கத்தீவ் இருக்கோ?"

மூன்றாம் வாரம் அந்தக் கலியாணம் குழம்பியது. அதற்குப் பிறகு இந்த வீதியில் இனிப்புக் கொடுக்க வருகிறவர்கள், கைபேசியில் மோதிரம் மாற்றிய படத்தைத் திறந்து பிடித்தபடிதான் வருகிறார்கள்.

மரக்கறிக் கடையில் 'ஊர் முருங்கைக்காய்' என்று எழுதி வைத்திருந்தார்கள். அண்ணை பின்பக்கம் போய், குப்பையோடு கிடந்த பெட்டிகளைக் கிளறி, ஒட்டியிருந்த துண்டை வாசித்துவிட்டு வந்து, அது எந்த நாட்டுக் காய் என்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அறிவித்தார். மறுநாள் பலகையில் 'முருங்கைக்காய்' மட்டும் இருந்தது.

தனக்கும் அவர் விலக்கு வைத்துக்கொள்ளவில்லை. நீல நிறப் பிளாஸ்டிக் கோப்பு ஒன்று எப்போதும் கக்கத்தில் இருக்கும். என் வீட்டுக்கு ஒருமுறை வந்தபோது, சாப்பிட்டீர்களா என்று என் மனைவி கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டு, சாப்பிட்ட கடைத் துண்டை எடுத்து நீட்டினார்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் அவரிடம் கடதாசி இல்லை. பள்ளிக்கூட நாளில் தான் கரப்பந்து விளையாடியதாகச் சொல்லுவார். படம் இருந்தது, சான்றிதழ் இருந்தது, போர்க்கால இடப்பெயர்வில் எல்லாம் போய்விட்டன. எங்கள் கழகத்துக்கு வலை கட்டுவதும் தண்ணீர்ப் போத்தல் தூக்குவதும் அவர்தான். ஒவ்வொரு கோடையும் அணித்தலைவன் ரூபனிடம் போய் நிற்பார்.

"தம்பி, ஒருக்கா என்னை இறக்கன். ஒரே ஒரு செட்."

ரூபனுக்கு முப்பது வயது, அலுவலக வேலை, கணுக்காலுக்குக் கட்டுப் போடாமல் மைதானத்தில் கால் வைக்கமாட்டான். அவன் சிரித்துக்கொண்டே கேட்பான்: "அண்ணை, நீங்கள் விளையாடினதுக்கு ஜுஸ்திபிக்கத்தீவ் எங்கை?"

சுற்றி நிற்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அண்ணையும் சிரிப்பார். கேள்வி நியாயமானது என்று அவரே நினைத்திருக்கவேண்டும். ஒருநாளும் மறுத்துக் கதைத்ததில்லை.

இனி, அந்த வியாழக்கிழமை. புறநகர் வில்லியே லே பெல்லில் நடக்கும் சுற்றுப்போட்டிக்குப் பட்டியல் கொடுக்கும் கடைசி நாள். விளையாட ஆறு பேர், மாற்றாக இருவர். எட்டுப் பெயர் இல்லாத பட்டியலை வாங்கமாட்டார்கள். எங்களிடம் ஏழுதான் இருந்தது. சலூன் மூலையில் நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, நீலக் கோப்பிலிருந்து ஓர் அடையாள அட்டை என் முன்னால் வந்து விழுந்தது.

"எழுது" என்றார் ஜுஸ்தி அண்ணை. "ஆனால் அது நான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதை. ரூபன் அறிஞ்சால் பேரை வெட்டிப்போடுவான்."

வயதுக்குத் தடை இல்லை. அட்டை செல்லுபடியானது. எழுதினேன்.

இந்தப் போட்டியில் ஒரு விதி உண்டு. முன்னொரு காலத்தில் சில கழகங்கள் வேறு நாட்டு வீரர்களைக் கள்ளப் பெயரில் இறக்கியதால், பட்டியலில் அடையாள அட்டையில் உள்ள பெயரே இருக்கவேண்டும். எங்கள் ஆட்களிடையே இது சின்ன விஷயம் இல்லை. இருபது வருடம் ஒன்றாகத் திரிந்தவனின் கடதாசிப் பெயர் எங்களுக்குத் தெரியாது. குட்டி, அப்பன், சின்னவன் என்றுதான் அறிவோம். பட்டியலின் பிரதியைச் சலூன் கண்ணாடியில் ஒட்டியபோது, சனம் பள்ளிச் சோதனை மறுமொழி பார்ப்பதுபோல நின்று ஆராய்ந்தது. குட்டிதான் தில்லையம்பலம் ஸ்ரீஸ்கந்தராசன் என்பதைக் கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் பிடித்தது. ஏழு பேரை இப்படி அடையாளம் கண்டார்கள். எட்டாவது மிஞ்சியது.

வைத்திலிங்கம் புவனேந்திரராசா.

ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. வேலையிடத்தில் அவரைத் தகப்பன் பெயரின் முதல் பாதியால் கூப்பிடுகிறார்கள். வீட்டில் மனைவி 'இஞ்சேருங்கோ' என்கிறா. வீதியில் ஜுஸ்தி அண்ணை. அந்தப் பெயரை முழுதாக உச்சரித்தவர்கள் அநேகமாக வதிவிட அட்டை கொடுக்கும் காவல்துறை அலுவலகத்து ஊழியர்களாகத்தான் இருப்பார்கள், அதுவும் பிழையாக.

"விளங்கிச்சுது" என்றார் குணம், கத்தரிக்கோலை ஆகாயத்தில் நிறுத்தி. "வெளியிலையிருந்து ஸ்டாரை இறக்கிறாங்கள்."

அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை அவன் லண்டன்காரன். சனிக்கிழமை அவனுக்கு ஆறடி நாலு அங்குலம். திங்கட்கிழமை அவன் சுவிசுக்கு மாறி, ஓர் அங்குலம் வளர்ந்திருந்தான். சலூனுக்குத் தினமும் பேப்பர் வாசிக்க வரும் புதுச்சேரிக்காரர் லூர்துசாமி, தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர், கரப்பந்தைப் பற்றி ஒன்றும் அறியாதவர். அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "பேரப் பாத்தாலே தெரியுதேப்பா. அடிச்சா பந்து போஸ்த்தாபீசுக்கு அந்தாண்ட போயிடும்."

ரூபனின் நிலைதான் விசித்திரம். பட்டியலில் கையெழுத்துப் போட்டவன் அவன். அவசரத்தில் வாசிக்காமல் போட்டுவிட்டான். தெரியாது என்று இப்போது எப்படிச் சொல்வது? கேட்டவர்களிடமெல்லாம் கண்ணைச் சிமிட்டி, "ஞாயிற்றுக்கிழமை பாருங்கோவன்" என்றான். பிறகு என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போய், "அண்ணை, ஆள் நல்லா விளையாடுவானோ?" என்று கேட்டான்.

"கடதாசி எல்லாம் சரியாயிருக்கு" என்றேன். அதில் பொய் இல்லை.

நான் பயந்தது ஜுஸ்தி அண்ணையைப் பற்றித்தான். எந்தச் செய்தியையும் மறுக்கிறவர் இந்தச் செய்திக்கு மட்டும் பேசாமல் இருந்தால் சனம் மோப்பம் பிடித்துவிடும். அவருக்கும் அது தெரியும். அதனால் ஒவ்வொரு நாளும் நான்கு மணிக்குச் சலூனுக்கு வந்து, தன்னை இல்லை என்று வாதாடினார்.

"ஆரப்பா கண்டது? படம் இருக்கோ? டிக்கெற் இருக்கோ? அப்பிடி ஒருத்தன் உலகத்திலையே இல்லை."

"பேர் இருக்கே அண்ணை, கண்ணாடியிலை!"

"பேர் இருந்தால் ஆள் இருக்கோ? என்ன விசர்க்கதை."

"உங்களுக்கு எரிச்சல்" என்றார் குணம். "உங்களை இறக்கேல்லை, சுவிஸ்காரனை இறக்கிறாங்கள் எண்டு."

"எனக்கேன் எரிச்சல்? இல்லாத ஆளிலை ஆருக்காவது எரிச்சல் வருமோ?"

அந்த வாதத்தில் அவர் தோற்றுக்கொண்டே வந்தார். அவரை நம்பாதவர்களின் தொகை நாளுக்கு நாள் கூடியது. புறநகர் எபினேயிலிருந்து ஒருவர் வந்து, புவனேந்திரராசாவோடு தான் ஒரே விமானத்தில் வந்ததாகவும் அவனுக்குக் கால் நீட்ட இடம் போதவில்லை என்றும் சொன்னார். ஆர்ஜொந்தெயிலிருந்து ஒரு வான் நிறைய ஆட்கள் வரப்போவதாகத் தகவல் வந்தது. எங்களோடு மோதவிருந்த வில்லியே லே பெல் அணி, அவன் அடிக்கும் சேர்வ் பந்தை எடுப்பதற்கென்றே மூன்று பேரைப் பின்கோட்டில் நிறுத்திப் பயிற்சி எடுக்கிறது என்றார்கள்.

புதன்கிழமை மாலை மெற்றோப் படிக்கட்டடியில் அண்ணை என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, ஒண்டு கேக்கட்டோ? உண்மையிலை அப்பிடி ஒருத்தன் எங்கையாவது இருப்பானோ?"

"அண்ணை, அது நீங்கள்."

"அது தெரியும். எண்டாலும் இவ்வளவு பேர் சொல்லுகினம்." கோப்பை மற்றக் கக்கத்துக்கு மாற்றினார். "இருந்தால் ஒருக்காப் பாக்க ஆசையாயிருக்கு."

சனிக்கிழமை பயிற்சிக்கு முகம் வாடிப்போய் வந்தார். "பேரை எடுத்துவிடு. சனம் அவனைப் பாக்க வருகுது. என்னைக் கண்டால் கல்லாலை எறியும்." பட்டியல் கொடுத்தாயிற்று, எட்டில் ஒன்று குறைந்தால் அணியே வெளியே என்றேன். அவர் வலையைச் சுருட்டிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மைதானத்தில் அவ்வளவு சனத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. லூர்துசாமி தொப்பியும் மடக்குக் கதிரையுமாக வந்திருந்தார். ஒலிபெருக்கியில் எங்கள் பெயர்களை வாசித்தார்கள். எட்டாவது பெயர் வந்ததும் முழுச் சனமும் வாசல் பக்கம் திரும்பியது. வாசலில் ஒருவரும் இல்லை. வலைக் கம்பத்துக்குப் பக்கத்திலிருந்து ஜுஸ்தி அண்ணை நடந்து வந்து, மேலங்கியைக் கழற்றினார். உள்ளே எங்கள் கழகத்தின் பழைய பனியன்.

"அண்ணை, எங்கை போறியள்? ஆளைக் கூப்பிடுறாங்கள்!" என்று கத்தினார் குணம்.

அண்ணை நீலக் கோப்பைத் திறந்து அட்டையை நடுவரிடம் கொடுத்தார். நடுவர் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். "சரி" என்றார்.

பிறகு சிரிப்பு எழுந்ததே, அதை எழுத எனக்குத் தெரியாது. லூர்துசாமி மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம், "அப்போ சுவிஸ்காரர் எப்ப வருவாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ரூபன் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரியாமல் தப்பியது அதிசயம்.

"மாற்று ஆள்தானே. வாங்கிலை இருக்கட்டும்" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

அப்படியே இருந்திருப்பார். ஆனால் எங்களில் ஒருவனை முதலாளி அன்று காலை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டதால், மற்ற மாற்று வீரன் ஏற்கெனவே இறங்கியிருந்தான். கடைசிச் செட்டில் இரண்டு பக்கமும் சமன். போட்டி விதிப்படி அடுத்த புள்ளி எவருக்கோ, வெற்றி அவர்களுக்கு. அந்த நேரம் பார்த்துக் குட்டி காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ரூபன் மாற்று ஆட்கள் இருக்கும் வாங்கைத் திரும்பிப் பார்த்தான். அங்கே ஒருவர்தான் இருந்தார். சேர்வ் போடும் முறையும் குட்டியின் இடத்துக்குத்தான் வந்திருந்தது.

"அண்ணை" என்றான் ரூபன். "பந்தை அங்காலை அனுப்பினால் போதும்."

அண்ணை பந்தை வாங்கி, துடைத்து, கோட்டுக்குப் பின்னால் போனார். இந்தக் காலத்தில் ஒருவரும் போடாத சேர்வ் அது: கையைக் கீழேயிருந்து வீசி, முஷ்டியால் பந்தை எழுப்புவது. பந்து மரங்களுக்கு மேலே போனது. எதிர்ப்பக்கத்தில் பத்து நாளாக அந்தச் சேர்வைப் பற்றிக் கேட்டுக் கேட்டுக் கலங்கியிருந்த மூன்று பேரும், இதில் ஏதோ வித்தை இருக்கிறது என்று பின்னுக்கு ஓடினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவரும் கை வைக்கவில்லை. பந்து பின்கோட்டடியில் விழுந்தது.

கொடி பிடித்தவர் கொடியை உயர்த்தினார், தாழ்த்தினார், பிறகு நடுவரைப் பார்த்தார். நடுவர் "வெளியே" என்றார்.

"உள்ளை!" என்று முதலில் பாய்ந்தவன் ரூபன். "உள்ளை விழுந்தது! வடிவாப் பாருங்கோ! அண்ணையின்ரை பந்து உள்ளை!" நடுவரின் சட்டையைப் பிடிக்காத குறை. குணமும் உள்ளே புகுந்தார், ஆர்ஜொந்தெய் வானில் வந்தவர்கள் புகுந்தார்கள், எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியாதவர்களும் புகுந்தார்கள். தீர்ப்பு மாறவில்லை. தோற்றோம்.

அந்தச் சண்டை சலூனில் இன்னும் முடியவில்லை. அரைப் பந்து உள்ளே என்கிறார் குணம். முழுப் பந்தும் உள்ளே என்கிறான் ரூபன். அண்ணையிடமே கேட்டுப் பார்த்தார்கள். "வெயில் கண்ணுக்கை அடிச்சுது. பாக்காததை எப்பிடிச் சொல்லுறது?" என்றுவிட்டார்.

ஆகவே, பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை. புள்ளி எழுதும் மேசை அந்தக் கோட்டிலிருந்து இரண்டு அடி தூரத்தில் இருந்தது. மிக அருகில் இருந்தவன் நான்தான் என்பதால், என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. ஒன்றும் சொல்லமுடியவில்லை. அந்த நேரம் நான் பந்தைப் பார்க்கவில்லை. வலைக்கு அந்தப் பக்கம், வீசிய கையைக் கீழே இறக்க மறந்து நின்ற அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.